கல் முதலில், காசு பிறகு: வெளிநாட்டு ஆய்வகம் போக நினைக்கும் புவி அறிவியல் மாணவர்களுக்கு

"மேடம், இப்போ எந்த ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பம் வாங்குறாங்க?"

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே மாணவர்கள் இந்தக் கேள்வியோடு வந்துவிடுவார்கள். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: "உன் ஆய்வேட்டுக்கு வேண்டிய எந்த எண்ணை உன் லேபில் அளக்க முடியாது?" இதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. வராவிட்டால் ஃபெலோஷிப் பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் பயன் இல்லை. அந்த விண்ணப்பப் படிவங்கள் சுற்றிவளைத்துக் கேட்பதும் இதைத்தான்.

நான் ஆற்றுப் படிவுகளின் வயதைக் கணிப்பவள். மணலுக்குள் கிடக்கும் குவார்ட்ஸ் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அளக்கும் ஒளிர்வுக் காலக்கணிப்பு, எங்கள் பேச்சில் ஓ.எஸ்.எல்., என் தொழில். மாணவியாக வேறு நாட்டு லேபில் வேலை செய்திருக்கிறேன். இப்போது என் மாணவர்களை அனுப்புகிறேன், வெளியிலிருந்து வருபவர்களை என் லேபில் சேர்த்தும் கொள்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த வரிசை இது: முதலில் கேள்வி, பிறகு அந்தக் கேள்விக்கான கல், பிறகு கல்லை அளக்கும் கருவி, கருவி இருக்கும் ஊர், கடைசியில் பணம். பணத்திலிருந்து தொடங்கியவர்கள் பலர் நல்ல ஊர்களுக்குப் போய், அங்கே என்ன செய்வதென்று தெரியாமல் முதல் மாதத்தைத் தொலைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

எதற்காகப் போகலாம்

கருவிக்காகப் போவதுதான் அதிகம். ஸிர்கான் படிகம் ஒன்றின் மேல் இருபது முப்பது மைக்ரான் அகலமுள்ள ஒரு புள்ளியில் யுரேனியமும் ஈயமும் எந்த விகிதத்தில் இருக்கின்றன என்று அளந்து வயது கணிக்க உதவும் ஷ்ரிம்ப் கருவி கான்பெராவில், ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது. உலகம் முழுக்கத் தேடினாலும் அந்த வகைக் கருவிகள் சொற்பம். ஆர்கான்-ஆர்கான் முறையில் எரிமலைப் பாறையின் வயது வேண்டுமென்றால் கருவி மட்டும் போதாது. கல்லை முதலில் அணு உலைக்குள் வைத்து நியூட்ரான் கதிர் படவைக்க வேண்டும், பிறகு அதன் கதிரியக்கம் தணியும்வரை காத்திருக்க வேண்டும். இதற்கே மாதங்கள் ஓடிவிடும். ஆகவே ஆர்கான் மாணவர் கல்லை முன்னால் அனுப்பிவிட்டுத் தான் பின்னால் போவதுதான் முறை. கல்லும் ஆளும் ஒரே விமானத்தில் போனால், ஆள் அங்கே உட்கார்ந்து உலையின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சிலர் இடத்துக்காகப் போகிறார்கள். உறைமண், பனியாறு, சுறுசுறுப்பான எரிமலை, இவற்றைப் படம் பார்த்துப் படிக்க முடியாது. 78 பாகை வட அட்சரேகையில், நார்வேயைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளின் லாங்யியர்பியென் ஊரில் இருக்கும் யூனிஸ் பல்கலைக்கழக மையம் முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களுக்குக் களத்திலேயே பாடம் நடத்துகிறது. அங்கே பாதுகாப்புப் பயிற்சியில் துப்பாக்கி பிடிக்கவும் சொல்லித்தருவார்கள். குடியிருப்பைத் தாண்டிப் போகும்போது துருவக் கரடியிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தே ஆக வேண்டும்.

மாணவர்கள் அதிகம் யோசிக்காத ஒரு வழி இருக்கிறது: கோர் கிடங்குகள், அதாவது தரையைத் துளைத்து நீண்ட உருளையாக எடுத்த மண்ணையும் பாறையையும் சேமித்து வைக்கும் இடங்கள். 1968இல் குளோமார் சேலஞ்சர் கப்பல் ஆழ்கடல் தரையைத் துளைக்கத் தொடங்கியதிலிருந்து எடுத்த கோர்கள் ஜெர்மனியின் பிரெமன், ஜப்பானின் கோச்சி, அமெரிக்காவின் காலேஜ் ஸ்டேஷன் ஆகிய இடங்களில் குளிரறைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொரு கோரையும் ஒன்றரை மீட்டர் துண்டுகளாக வெட்டி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருப்பார்கள். ஒரு பாதி காப்பகத்துக்கு, அதில் கத்தி வைக்க விடமாட்டார்கள். மற்றப் பாதிதான் நமக்கு. எந்தத் துளை, எந்தக் கோர், எந்தத் துண்டு, மேலிருந்து எத்தனையாவது சென்டிமீட்டர், எத்தனை கன சென்டிமீட்டர் மண், ஏன் அவ்வளவு என்று எழுதி விண்ணப்பிக்க வேண்டும். கோரை எடுத்த குழுவின் முன்னுரிமைக் காலம் முடிந்துவிட்டால் எந்த நாட்டு மாணவரும் கேட்கலாம். மேசைமேல் பிளந்து வைத்த கோரைப் பார்க்கும்போது, உங்களுக்கு முன்னால் வந்தவர்கள் தோண்டிய சின்னச் சின்னச் சதுரக் குழிகள் தெரியும். சில அடுக்குகளில் குழிகள் நெருக்கமாக இருக்கும், எல்லோருக்கும் அந்த அடுக்குதான் வேண்டியிருந்திருக்கிறது. அங்கே நீங்கள் கேட்ட பத்து கன சென்டிமீட்டரை ஐந்தாகக் குறைக்கச் சொல்வார்கள். குறைத்துக்கொண்டாலும் வேலை நடக்கும்படி முன்பே கணக்குப் போட்டு வைத்திருங்கள்.

ஜாய்டிஸ் ரெசல்யூஷன் கப்பலின் துளையிடும் பயணங்கள் 2024இல் நின்றுவிட்டன. எக்கார்ட் என்ற ஐரோப்பிய ஆய்வுக் கூட்டமைப்பும் ஜப்பானும் சேர்ந்து நடத்தும் ஐ.ஓ.டி.பி.-3 என்ற கடல்தரைத் துளையிடல் திட்டம் 2025இல் தொடங்கியது. அதில் புதிதாகத் துளையிடாமல், ஏற்கெனவே கிடங்கில் இருப்பதை வைத்தே ஆய்வு செய்யும் திட்டங்களுக்கும் இடம் இருக்கிறது. கப்பலில் ஏறினால்தான் கடல் ஆய்வு என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாணவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். நிலத்தில் துளையிடுவது பிடித்தவர்கள் 1996இல் தொடங்கிய ஐ.சி.டி.பி. என்ற சர்வதேச நிலத் துளையிடல் திட்டத்தைப் பாருங்கள். அதன் அலுவலகம் ஜெர்மனியின் பொட்ஸ்டாமில் இருக்கிறது, பயிற்சி வகுப்புகளும் நடத்துகிறார்கள்.

யாருக்கு, எப்படி எழுதுவது

பெரிய பெயர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒரே மெயிலை அனுப்பாதீர்கள். உங்கள் துறைக் கட்டுரைகளில் எல்லோரும் தாண்டிப் போகும் 'முறைகள்' பகுதியைப் படியுங்கள். உங்களுக்கு வேண்டிய அளவீட்டை எந்த லேபில், எந்தக் கருவியில் செய்தார்கள் என்று அங்கேதான் எழுதியிருக்கும். கட்டுரையின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியையும் படியுங்கள். அங்கே பெயர் வரும் லேப் பொறுப்பாளர்தான் நாளைக்கு உங்களோடு பக்கத்தில் நிற்கப்போகிறவர். பேராசிரியர் சரி என்று சொன்னாலும் அந்தப் பொறுப்பாளர் கையில் நேரம் இல்லாவிட்டால் உங்களுக்குக் கருவி கிடைக்காது.

மாநாட்டில் நேரில் பேசிவிட்டு எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடும். ஏப்ரல், மே வாக்கில் வியன்னாவில் கூடும் ஐரோப்பிய புவி அறிவியல் ஒன்றியம், டிசம்பரில் கூடும் அமெரிக்க புவி இயற்பியல் ஒன்றியம், புவிவேதியியலுக்கு கோல்ட்ஷ்மிட். போக முடியாவிட்டாலும் பரவாயில்லை, நல்ல மெயில் ஒன்று போதும். எனக்கு வரும் மெயில்களில் நான் அன்றைக்கே பதில் போடுபவை ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"நான் இன்ன ஆற்றின் படிமேடைகளில் வேலை செய்கிறேன். மூன்று மேடைகளை வரைபடத்தில் குறித்து, ஒவ்வொன்றிலும் குழாய் அடித்து மணல் எடுத்திருக்கிறேன். எங்கள் லேபில் குவார்ட்ஸைச் சோதித்ததில் ஒளிர்வு மிக மங்கலாக இருக்கிறது, வரைபடம் இணைத்திருக்கிறேன். நீங்கள் இதே மாதிரி இளம் மலைத்தொடர் மணலில் குவார்ட்ஸை விட்டுவிட்டு ஃபெல்ட்ஸ்பாரை அளந்திருக்கிறீர்கள். அந்த முறையைக் கற்றுக்கொண்டு என் ஆறு குழாய்களை அளக்க உங்கள் லேபில் மூன்று மாதம் இடம் கிடைக்குமா? துகள்களைப் பிரித்துத் தயாராகக் கொண்டு வருவேன். என் நெறியாளருக்கும் இந்த மெயில் போகிறது."

இதில் என் கட்டுரைகளைப் பற்றிய புகழ்ச்சி ஒரு வரிகூட இல்லை, அது தேவையும் இல்லை. இவர் ஏற்கெனவே பாதி வேலையைச் செய்துவிட்டார், எங்கே தடைப்பட்டார் என்று தெளிவாகச் சொல்கிறார், என்னிடம் என்ன வேண்டும் என்று அளவோடு கேட்கிறார். இளம் மலைகளிலிருந்து வரும் குவார்ட்ஸ் பல இடங்களில் மங்கலாகத்தான் ஒளிரும். அதை அவரே கண்டுபிடித்து வரைபடத்தோடு அனுப்பியிருக்கிறார் என்பதே எனக்குப் போதும். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த லேபைப் பாருங்கள்.

இடம் உண்டு என்று பதில் வந்ததும் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். அளவீட்டுக்குக் கட்டணம் உண்டா, யார் கட்டுவது? கருவி பழுதானால் மாற்று ஏற்பாடு என்ன? கருவி பழுதாவது அபூர்வம் இல்லை. முடிவுகளில் யார் யார் பெயர் வரும்? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்கத் தயங்கிய மாணவர்கள்தான் பின்னால் மனக்கசப்போடு திரும்புகிறார்கள். புறப்படும் முன்பே மூன்று தரப்பும் ஒரு மெயிலில் ஒப்புக்கொண்டு எழுதி வைத்துவிட்டால் நட்பும் கெடாது.

பணம்

வரிசையில் கடைசி என்றேன், லேசானது என்று சொல்லவில்லை. ஜெர்மனிக்கு டி.ஏ.ஏ.டி. ஆய்வு உதவித்தொகை, அமெரிக்காவுக்கு ஃபுல்பிரைட், காமன்வெல்த்தின் வளரும் நாடுகளில் முனைவர் பட்டம் செய்பவர்கள் ஓராண்டு வரை பிரிட்டனில் இருக்க ஸ்பிளிட்-சைட் உதவித்தொகை, இவையெல்லாம் பலருக்கும் தெரிந்தவை. தெரியாதவற்றைச் சொல்கிறேன். வளரும் நாட்டுக் கடல் ஆய்வாளர்களைச் சில மாதங்கள் வேறு நாட்டு நிலையத்துக்கு அனுப்பும் போகோ-ஸ்கோர் ஃபெலோஷிப் இருக்கிறது. அன்டார்ட்டிகா ஆய்வுக்கு ஸ்கார் அமைப்பு இளம் ஆய்வாளர்களுக்கு ஃபெலோஷிப் தருகிறது. 1964இல் இயற்பியலாளர் அப்துஸ் சலாம் தொடங்கிய, இத்தாலியின் டிரியெஸ்டே நகர ஐ.சி.டி.பி. கோட்பாட்டு இயற்பியல் மையம் (நிலத்தைத் துளையிடும் ஐ.சி.டி.பி. வேறு) நிலநடுக்கவியல், புவி இயற்பியல் பட்டறைகள் நடத்தி, வளரும் நாட்டவர்க்குப் பயணச் செலவும் கொடுப்பதுண்டு. ஆர்க்டிக் கள நிலையங்களில் தங்கி வேலை செய்ய இன்டராக்ட் வலையமைப்பைப் பாருங்கள். பழங்காலநிலை படிப்பவர்கள் இத்தாலியின் உர்பினோ கோடைப் பள்ளியை விடாதீர்கள். அமெரிக்கக் குடிமக்களாகவோ நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர்களாகவோ இருக்கும் மாணவர்களுக்கு அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளையான என்.எஸ்.எஃப்.பின் ஐ.ஆர்.இ.எஸ். திட்டம் உண்டு, அதில் மாணவர் தனியாக விண்ணப்பிப்பதில்லை, பேராசிரியர் நடத்தும் குழுவில் சேர வேண்டும். ஐரோப்பாவின் மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளில் ஒரு விதி பலரைத் தடுக்கும்: கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் சேரப்போகும் நாட்டில் வாழ்ந்திருக்கக் கூடாது. ஆகவே அதற்கு முன்னால் எடுக்கும் குறுகிய பயணங்களைக் கணக்குப் பார்த்து எடுங்கள்.

சிறு தொகைகளை ஒதுக்காதீர்கள். படிவியல் படிப்பவர்களுக்குச் சர்வதேசப் படிவியலாளர் சங்கம், மற்றத் துறையினர்க்கு அவரவர் துறைச் சங்கம் என்று மாணவர் உறுப்பினர்களுக்கு நிதி தருவார்கள். அளவீட்டுக் கட்டணம் அதில் அடங்கிவிடலாம்.

கல்லை எல்லை தாண்ட வைப்பது

என்னைக் கேட்டால் பயணத்தின் கடினமான பகுதி இதுதான். விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் உழைக்கும் மாணவர்கள் இதற்கு ஒரு மாலை நேரம்கூட ஒதுக்குவதில்லை.

முதலில் சட்டம். கல் எடுத்த நாட்டில் ஏற்றுமதி அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். புதைபடிவம் என்றால் அநேகமாக வேண்டும். பிரேசிலில் 1942 முதலே புதைபடிவங்கள் அரசுச் சொத்து. அங்கிருந்து ஜெர்மனிக்குப் போன உபிரஜாரா என்ற டைனோசர் பற்றி 2020இல் வெளியான கட்டுரை, பிரேசில் ஆய்வாளர்களின் எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது. 2023 ஜூனில் அந்தப் புதைபடிவமே பிரேசிலுக்குத் திரும்பிப் போனது. வேற்று நாட்டுக் களத்தில் வேலை செய்யப் போகும் ஒவ்வொரு மாணவரும் இந்த வழக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த மண்ணை ஆண்டாண்டாய்ப் படித்துக்கொண்டிருக்கும் உள்ளூர் ஆய்வாளர் இருக்கிறார். அவரை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொண்டு, கட்டுரையில் பெயர் போடாமல் வருவது திருட்டுக்குச் சமம்.

அடுத்தது தாவர, விவசாயத் தடைக்காப்பு. பல நாடுகளில் மண்ணுக்குத் தனி அனுமதி வேண்டும், சுத்தமாகக் கழுவிய பாறைக்கு அவ்வளவு கெடுபிடி இருக்காது. ஸிர்கான் வேலைக்குப் போகிறவர் பாறை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம். நொறுக்கி, சலித்து, கனத்த திரவத்திலும் காந்தத்திலும் பிரித்து, துகள்களைச் சின்னக் குப்பியில் கொண்டு போகலாம்.

என் துறையில் பிரித்துக்கொண்டு போக முடியாத மாணவரும் உண்டு, அவர் லேபில் இருட்டறை இருக்காது. அவர் குழாயோடு போக வேண்டும். வெட்டிச் சுத்தம் செய்த மண்சுவரில் எஃகுக் குழாயை அடித்து எடுத்ததும் இரண்டு முனையிலும் அலுமினியத் தாள், அதன்மேல் கறுப்பு டேப், பிறகு கறுப்புப் பை. குழாயின் மேல் அழியாத மையில் எண், வெளி முனை எது என்று அம்புக்குறி. அதே இடத்திலிருந்து தனிப் பையில் கொஞ்சம் மண் எடுத்து, ஈரம் போகாமல் கட்ட வேண்டும். துகள் ஆண்டுக்கு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியது என்பது சுற்றியுள்ள மண்ணைப் பொறுத்தது, அதில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று தெரியாவிட்டால் குழாய்க்குள் இருப்பதற்கு வயது சொல்ல முடியாது. விமான நிலைய எக்ஸ்ரேயை நினைத்துப் பயப்படாதீர்கள். இயற்கையில் துகள் ஆயிரம் ஆண்டுக்குச் சில கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வாங்குகிறது, எக்ஸ்ரே தருவது அதற்குப் பக்கத்திலேயே வராது. பயப்பட வேண்டியது சுங்க அதிகாரியின் கத்திக்குத்தான். வெளிச்சத்தில் ஒரு குழாயைத் திறந்துவிட்டால் துகள் மறுபடி வெயிலைப் பார்த்துவிட்டது, பல்லாயிரம் ஆண்டுக் கணக்கு சில நொடிகளில் அழிந்துவிடும். அதனால் பெட்டியின் மேல் ஒட்டவும் கையில் வைத்துக்கொள்ளவும் போகிற லேபின் தலைப்புக் காகிதத்தில் ஒரு கடிதம் வேண்டும், அந்த நாட்டு மொழியில். உள்ளே இருப்பது வணிக மதிப்பில்லாத மணல், வெளிச்சம் பட்டால் கெடும், திறக்க வேண்டுமானால் இன்ன எண்ணை அழையுங்கள் என்று அதில் இருக்கட்டும். முக்கியமான அடுக்கு ஒவ்வொன்றிலும் இரண்டு குழாய் எடுத்து, ஒன்றை ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

கருவிகளும் எல்லையில் நிற்கும். உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட்-மணி வரை தடை இல்லை, 160 வரை விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். சீனாவில் வெளிநாட்டவர் உள்ளூர் நிறுவனத்தோடு சேர்ந்து, அனுமதி பெற்றுத்தான் நில அளவை செய்யலாம். துல்லிய ஜி.பி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். இந்தியாவுக்குள் உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் தொலைபேசி கொண்டுவந்த வெளிநாட்டவர் விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கிறார்கள்.

விசா

சுற்றுலா விசாவில் ஆய்வுக்குப் போகவே போகாதீர்கள். ஸ்வால்பார்டுக்குத் தனியாக விசா கிடையாது, ஆனால் நார்வே வழியாகத்தான் போக முடியும். ஸ்வால்பார்டு ஷெங்கன் எனும் ஐரோப்பியப் பொது விசாப் பகுதிக்கு வெளியே இருப்பதால், திரும்பி வரும்போது அதற்குள் இரண்டாம் முறை நுழைகிறீர்கள், அதனால் இருமுறை நுழைவு விசா வேண்டும். பரிமாற்றத் திட்டங்களில் வருபவர்களுக்கு அமெரிக்கா தரும் ஜே-1 விசாவில் வகைகள் உண்டு. குறுகிய கால அறிஞர் வகை ஆறு மாதம் வரை. ஆய்வு அறிஞர் வகையில் போய் முடித்துவிட்டால் 24 மாதங்களுக்கு அதே வகையில் மறுபடி போக முடியாது. பட்டம் முடித்து போஸ்ட்-டாக் போக நினைப்பவர்கள் சின்னப் பயணத்துக்கு இந்த வகையைச் செலவழித்துவிடக் கூடாது. எந்த வகையில் தாள் தயாரிக்கிறார்கள் என்று அந்தப் பல்கலைக்கழக அலுவலகத்திடம் கேளுங்கள்.

பெண் மாணவிகளுக்கு ஒரு வார்த்தை, ஆண்களும் படிக்கலாம்

கள முகாமுக்குப் போகும் முன் அந்தக் குழுவில் முன்பு போய் வந்த மாணவி ஒருத்தியிடம் தனியாகப் பேசுங்கள். கூடாரத்தில் யார் யாரோடு தங்குவார்கள், கழிப்பிடம் எப்படி, குழுத்தலைவரைத் தவிர யாரிடம் புகார் சொல்லலாம், வெளியே தொடர்புகொள்ள யார் கையில் தொலைபேசி இருக்கும் என்று கேளுங்கள். இதைக் கேட்பதால் யாரும் உங்களைக் குறைவாக நினைத்தால் அந்தக் குழு உங்களுக்கு வேண்டாம். தொலைதூரக் களத்தில் மாதக்கணக்கில் ஒரே பத்துப் பேரோடு இருக்கும்போது, வெளியேறும் வழி தெரிந்திருப்பது கயிறும் தலைக்கவசமும் போலப் பாதுகாப்பின் பகுதி. நெறியாளர்கள் இந்தக் கேள்விகளை மாணவி கேட்கும்வரை காத்திருக்கக் கூடாது. நான் அனுப்பும் ஒவ்வொருவருக்கும், ஆண் பெண் பார்க்காமல், இதற்கான பதில்களை நானே வாங்கிக் கொடுக்கிறேன். மீட்பு விமானச் செலவை ஏற்கும் காப்பீடும் அப்படித்தான், அது இல்லாமல் யாரையும் அனுப்புவதில்லை.

அங்கே போன பிறகு

உங்களின் மிக அருமையான சாம்பிளை முதல் வாரத்தில் தொடாதீர்கள். வயது ஏற்கெனவே தெரிந்த ஒன்றை முதலில் அளந்து பாருங்கள். ஸிர்கான்காரர்களுக்கு 337 மில்லியன் ஆண்டு வயதுள்ள பிளெஷோவிட்சே ஸிர்கான் இருக்கிறது, எங்களுக்கு அளவு தெரிந்த கதிர் ஏற்றிய குவார்ட்ஸ் இருக்கிறது. தெரிந்த எண் உங்கள் கையில் சரியாக வந்த பிறகுதான் தெரியாத எண்ணைத் தேட உங்களுக்கு உரிமை. லேப் பொறுப்பாளர் வேலை செய்வதை ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் நின்று பாருங்கள். சிவப்பு விளக்கின் அடியில் அவர் குழாயின் இரு முனையிலும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் மண்ணைச் சுரண்டித் தனியே வைப்பார், நடுப்பகுதியை மட்டும் எடுப்பார். எத்தனை சென்டிமீட்டரில் நிறுத்துகிறார், எதைப் பார்த்து நிறுத்துகிறார் என்பது எந்தக் கட்டுரையிலும் எழுதியிருக்காது. கேளுங்கள், நோட்டில் எழுதுங்கள்.

கடைசி வாரத்தைப் புது அளவீட்டுக்கு வைக்காதீர்கள். கணக்கிட்ட வயது மட்டும் இருந்தால் போதாது. கருவி கொடுத்த மூலக் கோப்புகள், அந்த நாட்களில் அளந்த தரச் சாம்பிள்களின் முடிவுகள், கதிர் மூலத்தின் அளவுத்திருத்த எண், அதைக் கணித்த தேதி, பயன்படுத்திய மென்பொருளின் பதிப்பு எல்லாவற்றையும் நகல் எடுங்கள். ஆறு மாதம் கழித்துக் கட்டுரை மதிப்பீட்டாளர் கேட்பது இவற்றைத்தான், அப்போது அந்த லேபில் உங்கள் கோப்புறை எங்கே என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஐ.ஜி.எஸ்.என். என்ற சர்வதேச அடையாள எண்ணைப் பதிவு செய்துவிட்டால், பிறகு எந்த நாட்டில் யார் அதன் பெயரைத் தவறாக எழுதினாலும் கல்லின் அடையாளம் மாறாது. மிச்சமிருக்கும் மணலில் எது அங்கேயே இருக்கும், எது திரும்பி வரும், எத்தனை காலம் வைத்திருப்பார்கள் என்று எழுதி, பொறுப்பாளரின் கையெழுத்தோடு ஒரு தாளை அங்கேயும் ஒரு தாளை உங்களிடமும் வைத்துக்கொள்ளுங்கள். கள நாட்டிலிருந்து வந்த மணல் என்றால் மூன்றாவது நகல் அந்த நாட்டுக் கூட்டாளிக்குப் போக வேண்டும்.